19 வயசுல கவுண்டி கவுன்சில் தலைவர்: கொடியை விட்டா கையில வேற என்ன இருக்கு?

#1 மிட்லண்ட்ஸ்மணி · 23 ஜூலை 2025

நியூனீட்டன் பக்கம் இருக்கேன், கேர் ஹோம்ல வேலை. நேத்து சாயங்காலம் டிவி ரூம்ல பெரியவங்களோட உட்கார்ந்து லோக்கல் செய்தி பார்த்துட்டு இருந்தேன். எங்க வாரிக்ஷயர் கவுண்டி கவுன்சிலுக்குப் புதுத் தலைவர் வந்தாச்சு. (வார்விக்னு எழுதணும், வாரிக்னு சொல்லணும். வந்த புதுசுல நான் பஸ்ல டிக்கெட் கேட்டு முழிச்ச கதை தனி.) பேரு ஜார்ஜ் ஃபின்ச், வயசு 19, ரிஃபார்ம் யூகே கட்சி. பக்கத்துல இருந்த 91 வயசு அம்மா கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, "யாரோட பேரன் இது?"ன்னு கேட்டாங்க. "இவர்தாம்மா இனிமே நம்ம கவுன்சிலைப் பார்த்துக்கப் போறவர்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தாங்க, அப்புறம் டீ கேட்டாங்க.

தெரியாதவங்களுக்காக நடந்ததைச் சொல்லிடுறேன். மே 1ஆம் தேதி தேர்தல்ல 57 இடத்துல ரிஃபார்முக்கு 23, லிபரல் டெமாக்ரட்டுக்கு 14, கன்சர்வேடிவுக்கு 9, க்ரீனுக்கு 7, லேபருக்கு 3. தனிப்பெரும் கட்சிதான், பெரும்பான்மை கிடையாது. முதல்ல ராப் ஹோவர்டுன்னு ஒரு பெரியவர் தலைவரானார். ஒரு மாசச் சொச்சத்துல உடம்பு முடியலைன்னு விலகிட்டார். துணைத் தலைவரா இருந்த ஃபின்ச் ஜூன் கடைசியில தற்காலிகத் தலைவர். அப்ப அவருக்கு 18. நேத்து கவுன்சில் தலைமையகமான ஷையர் ஹால்ல முழு கவுன்சில் கூடி ஓட்டுப் போட்டதுல ரெண்டு பக்கமும் சமமா வந்து, கூட்டத்தை நடத்தின சேர்மனோட காஸ்டிங் வோட்டுல ஜெயிச்சிருக்கார்.

என் கேள்வி சின்னதுதான். ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே வரணும்னே ஆரம்பிச்ச கட்சி இது. ரோடும் முதியோர் பராமரிப்பும் பார்க்கிற இடத்துல இவங்களுக்கு என்ன வேலை? அதுவும் 19 வயசுல?

#2 தூத்துக்குடி_ராஜா · 23 ஜூலை 2025

மணி அண்ணே, கவுண்டி கவுன்சில்னா நம்ம மாநகராட்சி மாதிரியா, மாவட்டப் பஞ்சாயத்து மாதிரியா? நம்ம ஊர்ல வார்டு மெம்பருக்கு நிக்கவே 21 ஆகணும். அங்க 18ல எப்படி விட்டாங்க?

#3 கணக்குப்பிள்ளை · 23 ஜூலை 2025

இங்கிலாந்துல வேற ஒரு கவுன்சிலோட நிதிப் பிரிவுல பல வருஷமா இருக்கேன். எந்த ஊர்னு கேட்காதீங்க, வேலை போயிடும். தெரிஞ்சதைச் சொல்றேன்.

வயசு முதல்ல. இங்கயும் 21தான் இருந்தது. 2006ல தேர்தல் நிர்வாகச் சட்டம் ஒண்ணு கொண்டுவந்து 18ஆ இறக்கினாங்க. ஃபின்ச் பிறந்த வருஷமும் அதுவே. பாராளுமன்றத்துல அந்த மசோதா ஓடிக்கிட்டு இருந்தப்ப இவர் அம்மா வயித்துல இருந்திருப்பார்.

ராஜா கேட்டதுக்கு: மாவட்டப் பஞ்சாயத்துன்னு வெச்சுக்கலாம், ஆனா பணம் அதைவிடப் பல மடங்கு. வாரிக்ஷயர்ல ரெண்டு அடுக்கு. கீழே அஞ்சு டிஸ்ட்ரிக்ட், பரோ கவுன்சில்கள்: நார்த் வாரிக்ஷயர், நியூனீட்டன் அண்ட் பெட்வொர்த், ரக்பி, ஸ்ட்ராட்ஃபோர்ட், வாரிக். குப்பை எடுக்கிறது, வீட்டுக்கு ப்ளான் அப்ரூவல் குடுக்கிறது எல்லாம் அவங்க வேலை. மேலே கவுண்டி: ரோடு, பள்ளிக்கூடம், நூலகம், தீயணைப்பு, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு. வருஷாந்திர வருவாய்ச் செலவு சுமார் 50 கோடி பவுண்டு, சொத்து மதிப்பு சுமார் 150 கோடி பவுண்டுன்னு செய்தியில போட்டிருந்தாங்க.

இந்த 50 கோடியைப் பார்த்துத்தான் வெளியில இருக்கிறவங்க மலைச்சுப் போறாங்க. ஒரு சின்னப் பையன் கையில இவ்வளவா! உள்ள இருக்கிறவனுக்குத்தான் தெரியும், அதுல பெரும்பகுதி தலைவர் கைக்கு வர்றதே இல்ல. கவுண்டிகள்ல பாதிக்கு மேல, பல இடத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல, பராமரிப்புக்கே போயிடும். அது சட்டக் கடமை. படுத்த படுக்கையா இருக்கிற ஒருத்தருக்கு உதவி தேவைன்னு மதிப்பீட்டுல வந்துட்டா, "இந்த வருஷம் பட்ஜெட் இல்ல"ன்னு சொல்ல முடியாது. ஆபத்துல இருக்கிற குழந்தையைக் காப்பகத்துல சேர்க்கணும்னா சேர்த்தே ஆகணும், வாரத்துக்கு ஆயிரக்கணக்குல பில் வந்தாலும் சரி. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களைக் கிராமத்துலேருந்து இருபது மைல் தாண்டி ஒரு ஸ்கூலுக்கு டாக்ஸி வெச்சு அனுப்புறதும் அப்படித்தான். அந்தச் சிறப்புக் கல்விச் செலவுல நாடு முழுக்கக் கவுன்சில்கள் பள்ளத்துல கிடக்கு. அந்தப் பள்ளத்தை 2028 மார்ச் வரைக்கும் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே வெச்சுக்கலாம்னு அரசாங்கமே அனுமதி குடுத்திருக்கு. அனுமதி இல்லைன்னா பாதி கவுன்சில் பக்கத்து பர்மிங்காம் மாதிரி ஆகியிருக்கும். 2023 செப்டம்பர்ல பர்மிங்காம் செக்ஷன் 114 நோட்டீஸ், அதாவது திவால்னு சொல்ற மாதிரி அறிவிப்பு, போட்டதே, ஞாபகம் இருக்கா?

வரி ஏத்தலாமேன்னா, ஊர் வாக்கெடுப்பு வைக்காம 4.99 சதவீதத்துக்கு மேல ஏத்த முடியாது. அதுலயும் 2 சதவீதம் முதியோர் பராமரிப்புக்குன்னே ஒதுக்கினது.

இதெல்லாம் கழிச்சுட்டு, ஒரு தலைவர் தன் விருப்பத்துக்குத் திருப்பக்கூடிய பணம் எவ்வளவுன்னு பார்த்தா கல்யாண வீட்டுல மொய்க்கவர் எழுதுறவர் கதைதான். காசு முன்னாடி குவிஞ்சு கிடக்கும், ஒண்ணும் அவரோடது இல்ல.

#4 வல்வை · 24 ஜூலை 2025

நான் ரிஃபார்முக்குத்தான் வோட்டுப் போட்டனான். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. இஞ்ச வந்து முப்பது வருசம். லேபரும் பாத்தாச்சு, கன்சர்வேடிவும் பாத்தாச்சு. ரோட்டில பள்ளம் அப்பிடியேதான் கிடக்குது.

வயசைப் பற்றிக் கதைக்கிற ஆக்களுக்கு ஒண்டு கேக்கிறன். அறுபது வயசுக்காரர் நடத்தித்தானே பர்மிங்காம் கவிண்டது? பெடியன் பெட்வொர்த்திலதான் வெண்டவர், அந்த ஊர்ச் சனம் பாத்துத்தானே போட்டது. நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊர். சுரங்கம் மூடினாப் பிறகு ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. 2016 ப்ரெக்ஸிட் வாக்கெடுப்பில நியூனீட்டன், பெட்வொர்த் பக்கம் மூண்டில ரெண்டு பங்கு சனம் வெளியேறோணும் எண்டு போட்டது. அதே கவுண்டியில, பதினைஞ்சு மைல் தள்ளி, வாரிக், லெமிங்டன் பக்கத்துச் சனம் உள்ளுக்கையே இருப்பம் எண்டு போட்டது. ஒரே ஷையர் ஹோல், ரெண்டு நாடு. இப்ப வடக்குப் பக்கத்தாருக்குத் தங்கட ஆள் ஒருத்தர் அந்தக் கதிரையில இருக்கிறார். அது உங்களுக்கு விளங்காது.

#5 ஈஸ்ட்ஹாம் அக்கா · 24 ஜூலை 2025

வல்வை தம்பி, கதிரையில இருந்து என்ன செய்தவர் எண்டுதானே கேள்வி. தற்காலிகத் தலைவரா வந்த கையோட முதல் சண்டை என்னத்துக்கு? ஷையர் ஹோல் வாசல்ல பறந்த ப்ரைட் கொடிக்கு, தன்பாலின ஆக்களின்ர வானவில் கொடி. உடன இறக்கு எண்டு தலைமை நிர்வாக அதிகாரி மொனிக்கா ஃபோகர்ட்டிக்குச் சொன்னவர். அவ மாட்டன் எண்டவ. ஜூன் மாசம் முடிய எப்பிடியும் இறங்குற கொடி. மாசம் முடிய இருந்தது சில நாள்தான்! பள்ளம் மூடுறதுக்கு அந்த வேகம் காட்டியிருக்கலாம்.

கட்சி மேலிடமும் அப்பிடித்தான். மே மாசம் வெண்டவுடன கட்சிச் சேர்மனா இருந்த ஸியா யூசுஃப் முதல்ல அறிவிச்சதுகளில ஒண்டு, எங்கட கவுன்சில்களில எந்தெந்தக் கொடி பறக்கலாம் எண்டது. அவற்ற தாய் தேப்பன் இலங்கையிலயிருந்து வந்தவை எண்டது இஞ்ச கனபேருக்குத் தெரியாது. தேப்பன் டொக்டர், தாய் நேர்ஸ். எங்கட ஆக்களின்ர கதை மாதிரியே கிடக்குது, என்ன?

#6 கணக்குப்பிள்ளை · 24 ஜூலை 2025

அக்கா, கொடி விஷயத்தை நான் வேற மாதிரி பார்க்கிறேன்.

தேர்தல்ல ஜெயிச்சவர் நேரா ஆபீஸ்ல நுழைஞ்சு உத்தரவு போடலாம்னு நினைப்பார். நான் பார்த்த எல்லாப் புதுக் கவுன்சிலர்களும் அப்படித்தான், கட்சி வித்தியாசமே இல்ல. இந்த ஊர் முறை அப்படிக் கிடையாது. அதிகாரிங்க மொத்தக் கவுன்சிலுக்கும் ஊழியர்கள், தலைவருக்கு மட்டும் இல்ல. எது தலைவர் முடிவு, எது கேபினட் முடிவு, எது முழு கவுன்சில் முடிவு, எது அதிகாரி முடிவுன்னு கவுன்சிலோட விதிப் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கும். கொடி அதிகாரியோட பட்டியல்ல இருந்தது. அவ்வளவுதான். ஃபோகர்ட்டி "முடிவு என்னுது"ன்னு சொன்னது திமிரும் இல்ல, கலகமும் இல்ல. புத்தகத்தைப் படிச்சுட்டுச் சொன்னது.

ஆனா கொடிக்கு ஏன் போனார்னு யோசிங்க. பணம் சட்டத்துல கட்டிக் கிடக்கு. ஆளுங்களைச் சட்டுனு தூக்க முடியாது. பட்ஜெட்டுக்கு முழு கவுன்சில் ஓட்டு வேணும், கையில 23தான், 29 வேணும். ஒரு இளம் தலைவர் முதல் வாரத்துல கை நீட்டித் தொடக்கூடிய தூரத்துல இருக்கிறது கொடிக்கம்பம் ஒண்ணுதான். அதையும் தொட விடலை.

ஒண்ணு மட்டும் இருக்கு. தலைவரா ஜெயிச்சுட்டா கேபினட்டை அவரே தேர்ந்தெடுக்கலாம். தன்னையும் சேர்த்து பத்துப் பேர் வரைக்கும். அதுக்கு யார்கிட்டயும் ஓட்டுக் கேட்க வேண்டாம். அன்றாட முடிவுகள் நிறைய அங்க நடக்கும். அதனால "சும்மா பொம்மை"ன்னும் நினைச்சுடாதீங்க.

இன்னொரு சத்தம், அரசியல் உதவியாளர்கள் வைக்கிற திட்டம், மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பவுண்டு அளவுக்கு ஆகும்னு பேச்சு. செலவைக் குறைக்க வந்த கட்சி முதல்ல ஆள் சேர்க்குதேன்னு எதிர்க்கட்சிங்க பிடிச்சுக்கிட்டாங்க. 1989 சட்டப்படி பெரிய மூணு குழுக்களுக்கும் ஆளுக்கு ஒருத்தர் வெச்சுக்கலாம், அதாவது கேலி பண்றவங்களுக்கும் ஒண்ணு உண்டு. எனக்கு இதுல தப்பு தெரியலை. 19 வயசுல 400 பக்க அஜெண்டா பேப்பரைத் தனியா படிச்சுப் புரிஞ்சுக்கணும்னா பாவம். எனக்கே மூணு காபி வேணும்.

#7 மிட்லண்ட்ஸ்மணி · 25 ஜூலை 2025

நீங்க எல்லாம் கொடியைப் பத்திப் பேசுறீங்க. நான் அந்த 22ஆம் தேதியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.

ஷையர் ஹால்ல ஃபின்ச்சுக்கு ஓட்டு எண்ணின அதே செவ்வாய்க்கிழமை, ஜூலை 22ல இருந்துதான் வெளிநாட்டுலேருந்து கேர் வொர்க்கரை விசா குடுத்துக் கூட்டிட்டு வர்ற வழியை அரசாங்கம் அடைச்சது. லேபர் அரசாங்கம், ரிஃபார்ம் இல்ல. எங்க கேர் ஹோம் ஆபீஸ் போர்டுல ரெண்டையும் யாரோ பக்கத்துப் பக்கத்துல ஒட்டி வெச்சிருந்தாங்க. ஒரு பக்கம் பேப்பர் கட்டிங், ஃபின்ச் போட்டோ. இன்னொரு பக்கம் மேனேஜர் ப்ரிண்ட் போட்ட விசா அறிவிப்பு, அதுல மஞ்சள் ஹைலைட்டர்ல ஒரு கோடு. எங்க டீம்ல நைட்ல மலையாளமும் தமிழும்தான் அதிகம் கேட்கும். கோட்டயத்துலேருந்து வந்த ஒரு சேச்சி, திருநெல்வேலி தம்பி ஒருத்தர், நான். அஞ்சு நிமிஷம் போர்டு முன்னாடி நின்னோம். யாரும் ஒண்ணும் பேசலை. பெல் அடிச்சுது, போயிட்டோம்.

நாங்க ஏன் இங்க வந்தோம்? 2021 ஜனவரியில ஐரோப்பாக்காரங்க தடையில்லாம வந்து வேலை செய்யற வழி நின்னுபோச்சு. கேர் ஹோம்ல ஆள் இல்ல. 2022 பிப்ரவரியில கேர் வொர்க்கரை விசாப் பட்டியல்ல சேர்த்தாங்க. போலந்துக்காரங்க இருந்த இடத்துல நாங்க வந்தோம். ப்ரெக்ஸிட் இல்லாட்டி நான் இந்நேரம் திருப்பூர்ல இருந்திருப்பேன். இந்தக் கட்சி மேல எனக்கு என்ன கோபம்னு எனக்கே தெளிவா தெரியலை.

இப்ப புது ஆளும் வரமாட்டாங்க. எங்க ஹோம்ல பாதிப் பேருக்கு மேல கவுன்சில் காசுல இருக்கிறவங்க. ஆள் கிடைக்கலைன்னா கூலி ஏறும், கூலி ஏறினா ஹோம் ரேட் ஏறும், ரேட் ஏறினா பில்லு ஷையர் ஹாலுக்குத்தான் போகும். கணக்குப்பிள்ளை அண்ணே, சரியா சொன்னேனா?

#8 கணக்குப்பிள்ளை · 25 ஜூலை 2025

சரியா சொன்னீங்க மணி. முதலாளிங்க கட்டுற தேசியக் காப்பீட்டையும் இந்த ஏப்ரல்லேருந்து 15 சதவீதமா ஏத்தியிருக்காங்க, அதையும் சேர்த்துக்கோங்க.

#9 வல்வை · 25 ஜூலை 2025

மணி, நீர் சொன்னது மனதில நிக்குது. ஆனா அதுக்குப் பெடியன் என்ன செய்யிறது? விசா வெஸ்ட்மின்ஸ்டர் அரசாங்கத்தின்ர கையில. கணக்குப்பிள்ளை சொல்லுற மாதிரி பணமும் கட்டிக் கிடக்குது எண்டால், ஆர் வந்தாலும் ஒண்டும் செய்யேலாது எண்டுதானே அர்த்தம்? பிறகேன் அவற்ற வயசை மட்டும் நோண்டுறியள்?

#10 குளிர்காலக்குருவி · 26 ஜூலை 2025

பாரிஸ்ல படிக்கிறேன், அரசியல் அறிவியல். கொஞ்சம் நீட்டுறேன், திட்டாதீங்க.

இங்க பிரான்ஸோட தீவிர வலதுசாரித் தலைவர் ஜோர்தான் பர்தெலாவைப் பாருங்க. 1995ல பிறந்தவர், 16 வயசுல அந்தக் கட்சியில, அப்ப பேரு நேஷனல் ஃப்ரண்ட், சேர்ந்தார். 2015 டிசம்பர்ல இல் த ஃப்ரான்ஸ் பிராந்தியக் கவுன்சில் உறுப்பினர், வயசு 20. அந்தக் கவுன்சில்ல அவர் ரயிலை ஓட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. எதிர்க்கட்சி இருக்கை. 2019ல 23 வயசுல ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்குக் கட்சியோட பட்டியல்ல முதல் பேர், முதலிடமும் வந்தாங்க. அவருக்கு உள்ளாட்சிங்கிறது மாடிப்படியில ஒரு படி. கால் வெச்சார், ஏறிட்டார்.

இங்கிலாந்துல கதை வேற. முன்னாடி ஐரோப்பிய எதிர்ப்புக் கட்சிக்கும் பெரிய மேடை ஐரோப்பியப் பாராளுமன்றம்தான். 2019 மே மாசம் ப்ரெக்ஸிட் பார்ட்டி 29 இடம் ஜெயிச்சது. 2021ல பேரை ரிஃபார்ம் யூகேன்னு மாத்திக்கிட்டாங்க. வெளியேறினதோட அந்த மேடையே போச்சு. பேச்சாளர் இருக்கார், மேடை இல்ல. மிச்சம் இருக்கிறது கவுன்சில்தான். இந்த மே மாசம் 677 கவுன்சிலர் இடம், பத்துக் கவுன்சில்ல முழு அதிகாரம். வெளியே நின்னு கத்திக்கிட்டு இருந்தவங்க திடீர்னு கல்லாவுல உட்கார வேண்டியதாப் போச்சு.

ஃபின்ச் தலைமுறைக்கு இன்னொரு வேடிக்கை. 2016 வாக்கெடுப்பு நடந்தப்ப அவர் பிரைமரி ஸ்கூல் பையன். அவருக்கு ப்ரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய யூனியன், ஒரு அப்பா காலத்துப் பகை.

#11 ஈஸ்ட்ஹாம் அக்கா · 26 ஜூலை 2025

கல்லாவில இருந்தவை முந்தியும் இருக்கினம், குருவி. என்ர அண்ணா ராம்ஸ்கேற்றில கடை வைச்சிருக்கிறார். அந்த ஏரியா தானெற் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். 2015இல யூகிப், அதுவும் ஐரோப்பிய எதிர்ப்புக் கட்சிதான், அங்க பெரும்பான்மை எடுத்தது. நாட்டிலயே அவை பிடிச்ச ஒரே கவுன்சில். கடையில எல்லாரும் கதைச்சது ஐரோப்பாவைப் பற்றி இல்லை, மன்ஸ்ரன் விமானத்தளத்தைப் பற்றி. மூடிக் கிடந்த தளத்தைத் திரும்பத் திறப்பிக்கிறம் எண்டுதான் வோட்டு வாங்கினவை.

என்ன நடந்தது? வாக்குறுதி ஒரு பக்கம், சட்டப்படி இத்தனை வீடு கட்ட இடம் காட்டோணும் எண்டது மற்றப் பக்கம். 2018 தொடக்கத்தில அந்த நிலத்தில வீட்டுக்கு இடம் விடுற திட்டம் வோட்டுக்கு வந்தது. அவையின்ர சொந்தக் கட்சி ஆக்களே கொஞ்சப் பேர் எதிர்த்துப் போட்டு விழுத்தினவை. தலைவர் கிறிஸ் வெல்ஸ் விலகினார், குழு உடைஞ்சது, முடிஞ்சுது. அண்ணா சொல்லுவார், "ப்ரஸ்ஸல்ஸை வெண்டவை ஒரு ஓடுபாதையில சறுக்கிப்போட்டினம்" எண்டு.

#12 குளிர்காலக்குருவி · 26 ஜூலை 2025

அருமை அக்கா. எண்ணிக்கையையும் சேர்த்துக்கோங்க: 2013ல யூகிப்புக்கு நாடு முழுக்க 147 இடம். 2017ல பிடிச்சு வெச்சிருந்த அத்தனை இடமும் போச்சு, புதுசா ஒண்ணே ஒண்ணு, லங்காஷயர்ல.

#13 மட்டுறுத்துநர் · 27 ஜூலை 2025

ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கேன். ஒருத்தரோட தோற்றம், முகப்பரு பத்தியெல்லாம் இங்க பேச வேண்டாம். செயலைப் பத்திப் பேசுங்க.

#14 தூத்துக்குடி_ராஜா · 27 ஜூலை 2025

என் மாமா பொண்ணு வாரிக் யுனிவர்சிட்டியில படிக்குது. அதுக்கு இந்தத் தேர்தல்ல ஓட்டு உண்டா? ஸ்டூடண்ட் விசாதான்.

#15 கணக்குப்பிள்ளை · 27 ஜூலை 2025

எங்க தங்கியிருக்காங்கங்கிறதைப் பொறுத்தது. வாரிக் யுனிவர்சிட்டின்னு பேரே ஒழிய, கேம்பஸ் கொவென்ட்ரி ஓரத்துல, ஒரு பகுதி மட்டும் வாரிக்ஷயர் பக்கம் வரும். கொவென்ட்ரி தனிக் கவுன்சில், ஃபின்ச்சுக்கு அங்க வேலை இல்ல. ரெண்டாம் வருஷம் நிறையப் பேர் லெமிங்டன் ஸ்பாவுல ரூம் எடுப்பாங்க, அது வாரிக்ஷயர் கவுண்டி.

ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை உட்பட காமன்வெல்த் குடிமக்கள், செல்லுபடியாகிற விசாவோட இங்க குடியிருந்தா, கவுன்சில் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல் ரெண்டுலயும் போடலாம். நிரந்தரக் குடியுரிமை எல்லாம் வேண்டாம். வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும், போகும்போது போட்டோ அடையாள அட்டை வேணும். வேட்பாளரா நிக்கிறதுக்குத்தான் காலவரையற்ற குடியிருப்பு அனுமதி தேவை.

ப்ரெக்ஸிட் உள்ளாட்சியில நிஜமா விட்டுட்டுப் போன தடம் இங்கதான் இருக்கு. முன்னாடி ஐரோப்பிய யூனியன் குடிமக்கள் எல்லாருக்கும் கவுன்சில் ஓட்டு இருந்தது. 2024 மே மாசத்துக்கு அப்புறம் அப்படி இல்ல. 2021க்கு முன்னாடியே இங்க இருந்தவங்க, இல்லைன்னா போலந்து, ஸ்பெயின், போர்ச்சுகல் மாதிரி தனி ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரங்க, அவங்களுக்கு மட்டும்தான் (அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரங்களுக்குப் பழையபடியே உண்டு). போன வருஷம் மிலானோவிலேருந்து வந்த இத்தாலிக்காரருக்கு ஓட்டு இல்ல, போன மாசம் தூத்துக்குடியிலேருந்து வந்த ராஜாவோட மாமா பொண்ணுக்கு உண்டு.

#16 தூத்துக்குடி_ராஜா · 27 ஜூலை 2025

அட! இது அதுக்கே தெரியாது. சொல்றேன். முதல்ல எழுந்திரிக்குதான்னு பார்ப்போம்.

#17 ஈஸ்ட்ஹாம் அக்கா · 18 ஆகஸ்ட் 2025

இழை தூங்கிப்போச்சு, எழுப்புறன். ஃபின்ச் திரும்பவும் எல்லாப் பத்திரிகையிலயும் வந்திட்டார். நியூனீட்டன்ல நடந்த ஒரு குற்ற வழக்கில சந்தேக நபர்களின்ர குடியேற்ற விபரத்தைப் பொலிஸ் மறைக்குது எண்டு வெளிப்படையாச் சொன்னவர். பொலிஸ் மறுத்தது. வழக்கு நடக்குது, அதுக்குள்ள நான் போகேல்ல. என்ர கேள்வி: கவுண்டித் தலைவருக்கும் பொலிஸுக்கும் என்ன தொடர்பு?

#18 கணக்குப்பிள்ளை · 18 ஆகஸ்ட் 2025

நேரடியா ஒண்ணும் இல்ல. வாரிக்ஷயர்ல போலீஸைக் கேள்வி கேட்க மக்கள் தேர்ந்தெடுத்த காவல், குற்றத்தடுப்பு ஆணையர்னு தனியா ஒருத்தர் இருக்கார். போலீஸ் சொன்ன தகவல் தலைவர் காதுக்கு வந்ததே, கவுன்சில்ங்கிற முறையில பகிர்ந்துக்கிட்டதாலதான். அதை எவ்வளவு வெளியே சொல்லலாம்ங்கிறதுல நீதிமன்ற அவமதிப்புன்னு ஒரு கோடு இருக்கு. நாற்பது வருஷ அனுபவம் இருக்கிற தலைவர்னா வக்கீலைக் கேட்டுட்டுத்தான் வாயைத் திறப்பார்.

ஆனா வல்வை சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். ஆகஸ்ட் 13ஆம் தேதி நாடு முழுக்கப் போலீஸுக்குப் புது வழிகாட்டுதல் வந்தது. பெரிய வழக்குகள்ல குற்றம் சாட்டப்பட்டவரோட நாடு, இனம் என்னன்னு சொல்றதைப் பரிசீலிக்கலாம்னு. அந்த நெருக்கடியில இந்தச் சத்தத்துக்கும் பங்கு உண்டு. ரோட்டுப் பள்ளம் மூடலை, தேசியக் கொள்கையை அசைச்சிருக்கார். பதவியோட அதிகாரம் ஒரு பக்கம் இருக்கு, பதவிக்கு முன்னாடி நீட்டுற மைக் இன்னொரு பக்கம் இருக்கு. ரெண்டாவதுதான் அவருக்கு வேலை செய்யுது.

#19 வல்வை · 19 ஆகஸ்ட் 2025

அதைத்தான் நானும் சொல்லுறன். கத்தினாத்தான் கேக்குது எண்டால் கத்தாமல் என்ன செய்யிறது.

#20 மிட்லண்ட்ஸ்மணி · 19 ஆகஸ்ட் 2025

வல்வை அண்ணே, கத்துறது யாருக்குக் கேட்குதுங்கிறதும் இருக்குல்ல. அந்த வாரம் நைட் ஷிஃப்ட் முடிச்சு பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது, சேச்சி யூனிஃபார்ம் மேல கோட்டு போட்டு மூடிக்கிட்டுதான் நின்னாங்க. ஆகஸ்ட் மாசத்துல. எங்களை யாரும் ஒண்ணும் சொல்லலை, அதையும் சொல்லணும். ஆனா நாங்க மூணு பேரும் சேர்ந்துதான் போறோம் இப்பல்லாம்.

#21 வல்வை · 20 ஆகஸ்ட் 2025

அது சரியில்லைத்தான், மணி. நான் அதை யோசிக்கேல்ல.

#22 குளிர்காலக்குருவி · 22 ஆகஸ்ட் 2025

பக்கத்துல லெஸ்டர்ஷயரையும் கவனிச்சீங்களா? அங்க ரிஃபார்ம் துணைத் தலைவரா இருந்த ஜோசஃப் போம், 22 வயசு, முதியோர் பராமரிப்புத் துறை அவர் கையில. மே மாசம் பதவிக்கு வந்தவரை ஆகஸ்ட்லயே எடுத்துட்டாங்க. அங்க தலைவர் வயசானவர், கட்சியும் அதே கட்சி. அதனால "சின்னப் பசங்களை எல்லாம் கட்சி தூக்கி வைக்குது"ன்னும் பொதுவாச் சொல்ல முடியாது, "தாங்கிப் பிடிக்குது"ன்னும் சொல்ல முடியாது.

#23 மிட்லண்ட்ஸ்மணி · 3 டிசம்பர் 2025

யாராவது இருக்கீங்களா? புதுச் செய்தி. கவுண்டி, டிஸ்ட்ரிக்ட்னு இருக்கிற ரெண்டு அடுக்கையும் கலைச்சுட்டு ஒரே அடுக்கா ஆக்கப் போறாங்களாம். லைப்ரரியில துண்டுப் பிரசுரம் பார்த்தேன். என்ன கணக்கு இது?

#24 கணக்குப்பிள்ளை · 3 டிசம்பர் 2025

இது போன வருஷம் டிசம்பர்லயே அரசாங்கம் வெள்ளை அறிக்கையில சொன்னது. நாடு முழுக்க ரெண்டு அடுக்கு போகுது. நவம்பர் 28க்குள்ள திட்டம் குடுக்கச் சொல்லியிருந்தாங்க. ஃபின்ச்சோட கவுண்டி கேட்கிறது மொத்த வாரிக்ஷயருக்கும் ஒரே கவுன்சில். தெற்குல வாரிக், ஸ்ட்ராட்ஃபோர்ட் கவுன்சில்கள் கேட்கிறது வடக்கு, தெற்குன்னு ரெண்டு. வல்வை முன்னாடி சொன்ன "ஒரே ஷையர் ஹால், ரெண்டு நாடு" ஞாபகம் வருதா? அந்தக் கோட்டை வரைபடத்துலயே போடலாமா வேண்டாமாங்கிறதுதான் இப்பச் சண்டை.

என்னைக் கேட்டா, அவர் தலைமையில நடக்கிறதுலயே பெரிய விஷயம் இதுதான். கொடிக்குக் கூடின கேமராவுல பத்துல ஒரு பங்கு இதுக்கு வரலை. ஐரோப்பா இல்ல, குடியேற்றம் இல்ல. அக்கவுண்ட்ஸை எப்படிப் பிரிக்கிறது, கேர் ஒப்பந்தங்கள் யார் பேர்ல மாறும், கடன் யாருக்கு, பென்ஷன் யாருக்கு. தூக்கம் வர்ற விஷயம். எனக்கு மட்டும் தூக்கம் போற விஷயம், எங்க கவுன்சிலும் இதே வரிசையில நிக்குது.

#25 ஈஸ்ட்ஹாம் அக்கா · 4 டிசம்பர் 2025

அப்ப அவற்ற கதிரை?

#26 கணக்குப்பிள்ளை · 4 டிசம்பர் 2025

அரசாங்கம் போட்டிருக்கிற இலக்கு 2028 ஏப்ரல். ஒண்ணோ ரெண்டோ, எது வந்தாலும் இப்ப இருக்கிற கவுண்டி கவுன்சில் அன்னிக்குக் கலைஞ்சுடும். புதுக் கவுன்சிலுக்குத் தனித் தேர்தல்.

#27 வல்வை · 4 டிசம்பர் 2025

2028 ஏப்ரலில பெடியனுக்கு வயசு 21. பழைய சட்டம் இருந்திருந்தால், கதிரை கலையிற நேரத்திலதான் தேர்தலில நிக்கிற வயசே வந்திருக்கும்.